பாடையில் வந்த ஸ்கூட்டர்

பெட்ரோல் பங்க் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, நாசில் பிடிப்பதும் பில் போடுவதும் கார்டு தேய்ப்பதும் உங்களுக்கு ஒரு வாரத்தில் வந்துவிடும். அதைச் சொல்ல நான் தேவையில்லை. விலை ஏறுகிற நாளில் எப்படி நிற்பது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தர மாட்டார்கள். அதனால் அதை நான் சொல்கிறேன். கேட்டால் கேளுங்கள், கேட்காவிட்டால் ஊர் உங்களுக்குச் சொல்லித் தரும்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பெயர் சலோமி. கோலார் தங்க வயலில், சாம்பியன் ரீப்ஸ் போகிற ரோட்டோரம் இருந்த ஒரு பங்கில் நாசில் பிடிக்கச் சேர்ந்து, மேனேஜராக ஓய்வு பெற்றவள். நான் சேர்ந்த புதிதில், பொம்பளை பெட்ரோல் போடுகிறாளாம் என்று வேடிக்கை பார்க்கவே சிலர் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார்கள். வேடிக்கை பார்த்தவர்களும் பெட்ரோல் போட்டுக்கொண்டுதான் போனார்கள், ஆகவே எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

எங்கள் ஊரில் சுரங்கம் மூடிய பிறகு பாதிப் பேருக்குப் பிழைப்பு பெங்களூரில். விடியுமுன் வண்டியை உதைத்து, ஸ்டேஷனில் போட்டுவிட்டு, ரயில் ஏறுகிறவர்கள். சிலர் வண்டியிலேயே போய் வருகிறவர்கள். அவர்களுக்கு விலைப் பலகை என்பது காலையில் பார்க்கிற முதல் செய்தி. அதில் பைசா கூடினால் முதலில் திட்டு வாங்குவது நீங்கள்தான். எய்தவன் இருக்க அம்பை நோகிற கதை. "இன்னாக்கா, ராத்திரியோட ராத்திரியா ஏத்திட்டீங்க?" என்று, நான் வீட்டில் உட்கார்ந்து விலை போட்டதுபோலக் கேட்பார்கள். சிரித்துக்கொண்டு பெட்ரோல் போடுங்கள். அந்தக் கோபம் உங்கள் மேல் இல்லை. உங்களுக்குப் பின்னால் இருக்கிற யாரையும் அவர்கள் பார்க்க முடியாது, அதுதான் விஷயம்.

வரிசையில் நிற்கிறபோதே விவாதம் தொடங்கிவிடும். தமிழில் ஆரம்பிக்கும், கன்னடத்தில் சூடேறும், தெலுங்கில் ஒருவர் வந்து தீர்ப்பு சொல்வார். வரியில் பெரிய பங்கு டில்லிக்கா பெங்களூருக்கா என்பதுதான் வழக்கு. டில்லியைத் திட்டுகிறவர் ஒரு கணக்கு வைத்திருப்பார், பெங்களூரைத் திட்டுகிறவர் இன்னொரு கணக்கு வைத்திருப்பார். இரண்டும் கைபேசியில் வந்தவை. நடுவில் வி.கோட்டா பக்கமிருந்து வந்த லாரிக்காரர், "ஆந்திராவுல இதவிட ஜாஸ்தி, அதனாலதான் இவ்ளோ தூரம் வந்து ஊத்துறேன்" என்பார். உடனே இருவரும் சேர்ந்துகொண்டு ஆந்திராவைத் திட்டுவார்கள்.

அந்த விவாதத்தில் நீங்கள் சேராதீர்கள். உங்களுக்கு அபிப்பிராயம் இருக்கக் கூடாது என்று சொல்லவில்லை. எனக்கும் இருக்கிறது, ஓட்டுப் போடும்போது காட்டுவேன். நாசில் கையில் இருக்கும்போது வாய்க்குப் பூட்டு, அவ்வளவுதான். ஏன் என்று கேட்டால், தனபால் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

தனபால் எங்கள் பங்கில் ஆறேழு வருடம் வேலை பார்த்தவன். நல்ல உழைப்பாளி. வாய் மட்டும் மேடைக்குப் பிறந்தது. ஒரு கட்சியில் தீவிரமாக இருந்தான். எந்தக் கட்சி என்று சொல்ல மாட்டேன், நான் சொல்லப்போகிற விஷயத்துக்கு அது தேவையும் இல்லை. ஒரு நாள் எதிர்க்கட்சி அனுதாபியான ஒரு வாத்தியார் காரில் வந்தார். அவர் டில்லி போடுகிற செஸ் வரி என்றார், இவன் மாநிலத்தின் விற்பனை வரி என்றான். அவர் ஒரு புள்ளிவிவரம் சொன்னார், இவன் கையை ஆட்டி மறுத்தான். ஆட்டிய கையில் இருந்தது டீசல் நாசில். பெட்ரோல் கார். போட்டு முடித்து, மூடியையும் மூடி, வணக்கமும் சொல்லி அனுப்பிவிட்டான்.

கார் ரயில்வே கேட் வரைக்கும் போய் இருமிவிட்டு நின்றது. வாத்தியார் நடந்தே திரும்பி வந்தார். வந்தவர் "தப்பா போட்டுட்டான்" என்று சொல்லியிருந்தால் எளிது. "கட்சி வெறியில் வேண்டுமென்றே செய்தான்" என்றார். அரை மணி நேரத்தில் அவருடைய ஆட்கள் வந்தார்கள், அதைக் கேள்விப்பட்டு தனபாலின் ஆட்களும் வந்தார்கள். டீசலை விட்டுவிட்டு எல்லாரும் அரசியலைப் பிடித்துக்கொண்டார்கள். தனபால் எப்படி நடந்தது, எதனால் நடந்தது என்று விளக்கிக்கொண்டே இருந்தான்.

நான் அவனை ஓரம் தள்ளிவிட்டு வாத்தியாரிடம், "சார், தப்பு எங்களுது. மெக்கானிக் கெளம்பிட்டாரு, வண்டி சரியாகுற வரைக்கும் நம்ம ஆளு உங்ககூடவே இருப்பான்" என்றேன். அவர் ஒரு நிமிடம் திட்டினார், பிறகு தண்ணீர் கேட்டார். தண்ணீர் கேட்டால் சண்டை முடிந்தது என்று அர்த்தம். தனபாலையே அவரோடு அனுப்பினேன். காரிலிருந்து டீசல் வடிகிற வரை இருவரும் ரோட்டோரம் உட்கார்ந்து வரியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்களாம். தப்பு நடந்தால் முதலில் தப்பு என்று சொல்லுங்கள், காரணத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். அதிலும் தனபால்தான்.

மாநில வரியைக் கூட்டப் போகிறார்கள், மறுநாள் காலை விலை ஏறும் என்று ஒரு மத்தியானம் எல்லாக் கைபேசியிலும் செய்தி வந்தது. சாயங்காலத்துக்குள் ஊரே பங்கில் நின்றது. நூறு ரூபாய்க்குப் போடுகிறவன் எல்லாம் டேங்கை நிரப்பச் சொன்னான். எங்கள் ஆட்களும் ஷிஃப்ட் முடிந்ததும் தங்கள் வண்டிகளை நிரப்பிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் விலை ஏறியது. அன்றைக்கே கட்சித் தலைவர் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். எங்கள் ஊர்த் தலைவர்தான், மரியாதையான மனிதர், சின்ன வயதிலிருந்து தெரியும்.

"அக்கா, நாளைக்குக் காலைல நம்ம பங்க்ல சின்னதா ஒரு போராட்டம்."

"சின்னதுன்னா?"

"சின்னதுதான்க்கா. ஒரு பாடை."

வண்டிக்குச் சாவு வந்துவிட்டது என்று காட்ட, ஒரு ஸ்கூட்டரைப் பாடையில் ஏற்றி மேளதாளத்தோடு ஊர்வலம். பங்க் உள்ளே, மெஷினுக்கு முன்னால், விலை தெரிகிற மாதிரி இறக்கி வைத்து ஒப்பாரி. அதை டிவிக்காரர்கள் எடுப்பார்கள். அதுதான் திட்டம்.

"தாராளமா செய்ங்க. கேட்டுக்கு வெளிய. உள்ள வாணாம்" என்றேன்.

"ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணுங்கக்கா."

"உள்ள வாணாம்."

தலையை ஆட்டிவிட்டுப் போனார். அரசியல்வாதி தலையை ஆட்டினால் ஒத்துக்கொண்டார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், காதில் விழுந்தது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அன்று மாலை தனபால் வந்து, "சொந்த வேலைக்கா, நாளைக்கு லீவு வேணும்" என்றான். எந்தச் சொந்தம் செத்தது என்று நான் கேட்கவில்லை. லீவு கொடுத்தேன்.

மறுநாள் காலை டேங்கர் வந்துவிட்டது. முந்தாநாள் அடித்த கூட்டத்தில் இருப்பு அடிமட்டத்துக்குப் போயிருந்ததால் திருப்பி அனுப்பவும் மனசில்லை. ஊர்வலம் பத்து மணிக்கு மேல்தான் என்று சொல்லியிருந்தார்கள், இறக்கி முடித்துவிடலாம் என்று நினைத்தேன். குழாய் மாட்டி லோடு இறங்கிக்கொண்டிருந்தபோது ரோட்டில் புகை தெரிந்தது. எட்டிப் பார்த்தேன். மேளக்காரர்கள் பழைய பேப்பரைக் கொளுத்தி தப்பட்டையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். தோல் விறைத்தால்தான் சத்தம் வரும். சாவு வீட்டில் செய்கிறதுதான், பங்கிலிருந்து கூப்பிடு தூரத்தில் செய்தார்கள்.

அதற்குப் பின்னால் வந்ததைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. பாடைக்கு முன்னால் ஏழுமலை வந்துகொண்டிருந்தான். ஸ்டேஷன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். வெற்று மார்பு, ஈர வேட்டி, கையில் உறியில் தொங்கும் கொள்ளிச்சட்டி. நெசமான சட்டி. உள்ளே வறட்டி கனன்று புகை வந்துகொண்டிருந்தது. பெட்ரோல் விலையை எதிர்க்க, பெட்ரோல் பங்குக்கு, நெருப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் இந்த யோசனை வராது. எதைச் செய்தாலும் முறையாகச் செய்கிறவர்கள், பாடை என்றால் சட்டி இல்லாமல் எப்படி?

டேங்கர் டிரைவரிடம் வால்வை மூடச் சொன்னேன். மெஷின்களை நிறுத்தினோம். நின்ற வண்டிகளை ஸ்டார்ட் பண்ணாமல் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னோம். சிவப்பு மணல் வாளிகளைக் கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் கொண்டுபோய் வைக்கச் சொன்னேன். ஆனாலும் லோடு இறங்கிய இடத்தில் ஆவி உடனே போய்விடாது என்பது உங்களுக்கும் சொல்லித் தந்திருப்பார்கள்.

வெளியே போனேன். ஒப்பாரி ஜோராக நடந்துகொண்டிருந்தது. "ஏறத் தெரிஞ்ச ராசா, எறங்கத் தெரியலியே" என்று ஒரு அம்மாள் மார்பில் அடித்துக்கொள்ள, எனக்கே சிரிப்பு வந்தது. தலைவர் மைக்கோடு கேட்டைப் பார்த்து முன்னேறிக்கொண்டிருந்தார். அவரை மறித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கேமரா முன்னால் ஒரு பங்க் மேனேஜர் மறித்தால் அவர் பின்வாங்க முடியாது. "உள்ளே போவோம்" என்று ஒரு குரல் கொடுத்தால் கூட்டமே உள்ளே வரும். "நெருப்பு, டேங்கர்" என்று கத்தினால் கூட்டம் ஓடும், ஓடுகிற கூட்டத்தில் யாராவது ஏழுமலை மேல் மோதுவார்கள், சட்டி கீழே விழும்.

ஆகவே தலைவரைத் தாண்டி நேராக மேளக்காரர்களிடம் போனேன். முன்னால் அடித்துக்கொண்டிருந்தவருடைய தப்பட்டையின் மேல் உள்ளங்கையை வைத்தேன். சத்தம் நின்றது. மேளம் நின்றால் பாடை நகராது. நிஜப் பிணமானாலும் சரி, ஸ்கூட்டரானாலும் சரி, தூக்குகிறவன் கால் தானாக நின்றுவிடும்.

"இன்னாக்கா?" என்றார் அவர்.

அவர் காதுக்கு மட்டும் சொன்னேன். "உள்ள லோடு எறங்கினு இருந்துச்சி. சட்டியோட உள்ள வந்தா நம்ம எல்லாருக்கும் ஒரே நாள்ல காரியம். எதிர்ப்பக்கமா திருப்பிக்கோங்க."

அவர் ஆட்களைக் கண்ணால் கூப்பிட்டு, ரோட்டின் எதிர்ப்பக்கம் போய் அடி வேறாக மாற்றி அடித்தார். பாடை அவர் பின்னால் போனது. ஒப்பாரி பாடை பின்னால் போனது. தலைவர் மட்டும் கேட்டைப் பார்த்துப் பேசிக்கொண்டே வந்தவர், பின்னால் சத்தம் குறைந்ததும் திரும்பிப் பார்த்தார். கட்சி எதிர்ப்பக்கம் போய்விட்டிருந்தது.

"இன்னாக்கா இது?"

"இங்கேருந்து எடுத்தா போர்டு தெரியாது. அங்கேருந்து எடுத்தா வெலப் பலகை மொத்தமும் உங்க தலைக்கு மேல வரும். போய் நின்னு பாருங்க" என்றேன்.

போய் நின்று பார்த்தார். கேமராக்காரரும் ஆமாம் என்றார். அவர் கேட்டது பங்க் உள்ளே இடம். அவருக்கு வேண்டியிருந்தது விலைப் பலகை. கூட்டத்தோடு வருகிறவர் எதைக் கேட்கிறார் என்று பார்க்காதீர்கள், எது இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது என்று பாருங்கள். அதைக் கொடுத்துவிட்டால் மற்றதை விட்டுவிடுவார்.

நான் என்னை நானே மெச்சிக்கொண்டு நின்றேன். மெச்சிக்கொள்ள வேண்டிய காரியம்தான், இப்போதும் அதில் சந்தேகமில்லை. அந்தச் சமயத்தில் செய்தியாளர் ஒருவர் மைக்கை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"மேடம், இந்த வெல ஏத்தத்துக்குக் காரணம் டில்லியா, பெங்களூரா?"

"லிட்டருக்குள்ள ரெண்டு கையும் இருக்குது சார். எந்தக் கை எவ்ளோன்னு போர்டுல எழுத விடட்டும், நாளைக்கே நானே பெயின்ட் வாங்கி எழுதறேன்" என்றேன்.

நல்ல பதில் என்று நினைத்தேன். அதை யாரும் ஒளிபரப்பவில்லை, இரண்டு பக்கத்துக்கும் பிடிக்காத பதில் அது. ஆனால் பேசிக்கொண்டிருந்தபோதே என் கண் எதிர்ப்பக்கம் போனது. பாடையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, தூக்கி வந்தவர்கள் முகம் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் தனபால் ஒருவன். எல்லார் சட்டையும் வேர்வையில் நனைந்திருந்தது. தனபாலின் வெள்ளைச் சட்டை மட்டும் வலது தோளிலிருந்து இடுப்பு வரை நனைந்து, ஈரம் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது.

அந்த நிறம் நமக்குத் தெரியும். தினமும் நாம் அளந்து ஊற்றுகிற நிறம்.

அப்போதுதான் எல்லாம் புரிந்தது. ஸ்கூட்டரைப் படுக்க வைத்துக் கட்டியிருந்தார்கள். டேங்க் மூடி வழியாக ஊர்வலம் முழுக்க பெட்ரோல் ஒழுகி, தோள் கொடுத்த தனபால் மேல் இறங்கியிருக்கிறது. ஒப்பாரி வைத்த பெண்கள் முந்தானையால் மூக்கை மூடியிருந்ததை நான் முன்பே பார்த்தேன், வறட்டிப் புகைக்காக என்று நினைத்துவிட்டேன். பங்கில் வேலை பார்க்கிறவனுக்குத் தன் மேல் வீசுகிற பெட்ரோல் தெரியாது. அவன் சட்டை, தலையணை, பிள்ளைகள் எல்லாம் அந்த வாசனைதான். எனக்கும் தெரியவில்லை, என் மூக்கும் அதே மூக்கு. ஊரில் வேறு எவன் மேல் அத்தனை பெட்ரோல் ஊற்றினாலும் ஒரே நிமிடத்தில் துள்ளிக் குதித்திருப்பான். தனபால் ஈரத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான்.

முறைப்படி ஏழுமலை சட்டியோடு பாடையைச் சுற்ற ஆரம்பித்திருந்தான். தலைமாட்டிலிருந்து கிளம்பி, தனபால் நின்ற பக்கமாக வந்துகொண்டிருந்தான்.

நான் ரோட்டைக் கடந்தேன். ஓடவில்லை. ஓடியிருந்தால் எல்லாரும் திரும்பியிருப்பார்கள், ஏழுமலையும் திரும்பியிருப்பான். குரலை மட்டும் உயர்த்தினேன். சாவு வீட்டில் முறை தெரியாத பிள்ளைகளை அதட்டுகிற குரல்.

"ஏழுமலை! அங்கியே நில்லு. இன்னா சுத்துற நீ?"

நின்றான். தனபாலுக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடம் இருந்தது.

"மொறப்படி சுத்தறேன்க்கா."

"எது மொற? நம்ம மைன்ஸ் லைன் வீடுங்கள்ல எந்தப் பொணத்தடா எரிச்சாங்க? பொதைக்கிற ஜனம் நாம. சட்டி முன்னால குழி கிட்ட போவணும், பொணம் அப்பறம். ஒங்கப்பாவுக்கு நீ எடுத்தப்போ எப்டி எடுத்த? குழி தோ இருக்குது, அங்க போ."

ரோட்டோரம் குழாய்க்குத் தோண்டி மூடாமல் விட்ட ஒரு பள்ளம் இருந்தது. எங்கள் ஊரில் குழிக்கா பஞ்சம். ஏழுமலை ஒரு கணம் யோசித்தான். அப்பாவுக்குச் சட்டி தூக்கியவனுக்கு முறை தெரியும், நான் சொன்னதில் தப்பில்லை என்றும் தெரியும். மேளக்காரர் என் முகத்தைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, அவரே பள்ளத்தின் பக்கம் நடந்து அடிக்க ஆரம்பித்தார். ஏழுமலை மேளத்தின் பின்னால் போனான். ஒவ்வொரு எட்டிலும் அந்தச் சட்டி தனபாலை விட்டு விலகிப் போவதை நான் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சட்டியைப் பள்ளத்தில் இறக்கினான். நான் ஒரு மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு போய் அப்படியே அதன் மேல் கவிழ்த்தேன். புஸ்ஸென்று ஒரு சத்தம், கொஞ்சம் புழுதி, அவ்வளவுதான்.

"பொம்பள மண்ணு போடலாமா?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"எங்க ஜனத்துல போடுவோம்ணே. கல்லறைக்கும் வருவோம், மண்ணும் போடுவோம்" என்றேன். வேதக்காரியாக, கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தது அன்றைக்கு உதவியது. "நீங்களும் வாங்க, ஆளுக்கு மூணு பிடி. பொணத்து மேலயும் போடுங்க, கொறை வெக்காதீங்க."

எங்கள் பங்க் பெண்கள் மற்ற வாளிகளைக் கொண்டு வந்து ஸ்கூட்டர் மேலும் அதன் அடியில் நனைந்திருந்த தார் மேலும் கொட்டினார்கள். கூட்டம் மூன்று பிடி, மூன்று பிடியாகப் போட்டது. தலைவருக்கு ஒரே சந்தோஷம். "விலை உயர்வைப் புதைப்போம்!" என்று அந்த இடத்திலேயே ஒரு கோஷம் கட்டினார். அன்று மாலை எல்லாச் சேனலிலும் அதுதான் ஓடியது. அதைப் பார்த்துவிட்டுப் பேசிய நாலு பேரும் வரியைப் பற்றித்தான் சண்டை போட்டார்கள். மணல் எதற்காக வந்தது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

நான் தனபாலின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு பங்கின் பின்பக்கக் குழாயடிக்குப் போனேன். ஊர்வலத்துக்கு வந்ததற்காகத் திட்டப் போகிறேன் என்று நினைத்தான்.

"அக்கா, லீவு சொல்லிட்டுத்தான..."

"சட்டையக் கழட்டு."

கழட்டினான். கையில் பிடித்துப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். ஏழுமலை எந்தப் பக்கமாக வந்தான் என்று ரோட்டைப் பார்த்தான். பிறகு சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். தோள் முழுக்க சிவந்து கன்றியிருந்தது. தலையிலிருந்து தண்ணீரை ஊற்றினேன், சோப்பு போட்டுத் தேய்த்தேன், மறுபடி ஊற்றினேன். அவனுடைய மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு. என்னை அத்தை என்று கூப்பிடுகிற குழந்தை. அவளை நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே தண்ணீர் ஊற்றினேன்.

"எனக்கு வாசனையே வர்லக்கா" என்றான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். "வாசனையே வர்லக்கா."

"யாரு வண்டிடா அது?"

"என்துதான்."

"பாடையில கட்டுறதுக்கு முன்னால டேங்கக் காலி பண்ண வேணாமா? பங்க்ல வேல செய்றவன் தான நீ?"

"மூடிய நல்லா இறுக்கினேன்க்கா. முந்தாநேத்துதான் ஃபுல் டேங்க் போட்டேன், பழைய வெலக்கி. இன்னா வெல விக்குது, கீழ ஊத்த மனசு வர்ல."

பிள்ளைகளே, நமக்கு வாசனை வராது. இதை மட்டும் எங்கேயாவது எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். மற்றவர்கள் மூக்கை மூடினால் ஏன் என்று கேளுங்கள். ஒரு ஆபத்தைத் தள்ளிவிட்டோம் என்று நிமிர்ந்து நிற்கிற நேரத்தில் இன்னொரு தடவை சுற்றிப் பாருங்கள். நான் மைக்குக்குப் பதில் சொல்லிக்கொண்டே வேறு பக்கம் பார்த்திருந்தால் இன்றைக்கு இதை இப்படிச் சிரித்துக்கொண்டு எழுதியிருக்க மாட்டேன்.

தனபாலுக்கு யூனிஃபார்ம் சட்டை ஒன்றைக் கொடுத்து, டீ வரவழைத்துக் குடிக்க வைத்தேன். முகத்தில் இரத்தமே இல்லை. கூட்டம் கலைந்துவிட்டிருந்தது. எதிர்ப்பக்கம் ஸ்கூட்டர் மட்டும் மாலையும் மணலுமாகத் தனியாகக் கிடந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் என்னிடம் மெதுவாகக் கேட்டான்.

"அக்கா, டேங்க்ல மீதி எவ்ளோ இருக்கும்?"

ஓங்கி ஒன்று வைக்கலாம் என்றுதான் கையைத் தூக்கினேன். அவன் முகத்தைப் பார்த்தபோது கை இறங்கிவிட்டது. வரியைப் பற்றி மேடையிலும் டிவியிலும் எத்தனையோ பேச்சுக் கேட்டிருக்கிறேன், இந்தக் கேள்வி அளவுக்கு எதுவும் என்னைச் சுட்டதில்லை. அவனோடு ரோட்டைக் கடந்தேன். கயிற்றை அவிழ்த்து, மணலைத் தட்டி, இரண்டு பேருமாக ஸ்கூட்டரை நிமிர்த்தினோம். நான் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிக் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே தளும்பியது.

"பாதிக்கு மேலயே இருக்குதுடா" என்றேன்.

அப்போதுதான் அவன் முகத்தில் உயிர் வந்தது.